இரண்டு நொடி

தண்ணீரை வெதுவெதுப்பாகக் கொடுத்தீர்கள், நன்றி. குளிர்ந்த தண்ணீர் குரலைக் கெடுக்கும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. எங்கள் படப்பிடிப்புத் தளத்தில் இருபத்தொரு வருடம் சொல்லிப் பார்த்தேன். கடைசி வரை ஐஸ் போட்டுத்தான் வைத்தார்கள்.

மெதுவாகவே சொல்கிறேன், தட்டச்சு செய்பவர் அவசரப்பட வேண்டாம். இடையில் கேள்வி கேட்டால் தவறாக நினைக்க மாட்டேன், ஆனால் கேட்காமல் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். எதை எந்த வரிசையில் சொன்னால் புரியும் என்பது எனக்குத் தெரியும். இத்தனை வருடம் அதற்குத்தான் சம்பளம் வாங்கினேன்.

முதலில் என் வேலை. அதை யாரும் முழுதாகக் கேட்டதில்லை. வாரத்தில் ஐந்து நாள் மாலையில் வரும் அந்த வினாடி வினா நிகழ்ச்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மூன்று போட்டியாளர்கள், எதிரே உயரமான மேசை, மேசைக்குப் பின்னால் கோட்டுப் போட்ட பெரியவர். நாங்கள் எல்லோரும் அவரைப் பெரியவர் என்றுதான் சொல்வோம். போட்டியாளரின் பதிலும் அட்டையில் இருக்கும் விடையும் ஒன்றாக இருந்தால் வம்பில்லை. கொஞ்சம் விலகியிருந்தால்தான் தொல்லை. ஆற்றைக் கேட்டால் அதன் கிளை ஆற்றைச் சொல்வார்கள், மன்னனைக் கேட்டால் அவன் பட்டப்பெயரைச் சொல்வார்கள். அப்போது பெரியவர் அட்டையால் மேசையில் ஒரு தட்டுத் தட்டி, கண்ணைச் சுருக்கி, இரண்டு நொடி யோசிப்பார். பிறகு "சரி" என்பார், அல்லது "தவறு" என்பார். அந்த இரண்டு நொடியைப் பார்ப்பதற்காகவே அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருகிறவர்கள் உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

அவர் யோசிக்கவில்லை. அவர் காதுக்குள் பட்டாணி அளவு கருவி ஒன்று இருந்தது. மேடைக்குப் பின்னால், ஒரு நாற்காலி மட்டும் கொள்ளும் கண்ணாடி அறையில் நான் இருந்தேன். அந்த இரண்டு நொடியில் நான் முடிவெடுத்துச் சொல்வேன். சரி, அல்லது தவறு. அவ்வளவுதான், மூன்றாவது வார்த்தை கிடையாது. காதில் பேசுகிறவன் கேள்வி கேட்கக் கூடாது, விளக்கம் சொல்லக் கூடாது. இது பெரியவர் வைத்த விதி. நல்ல விதி.

கேள்விகளை எழுதுவதும் நான்தான். காலையில் விளக்குகளைச் சோதிக்கும்போது மேசைக்குப் பின்னால் நிற்பதும் நான்தான், ஏனென்றால் பெரியவரும் நானும் ஒரே உயரம். தளத்தில் எனக்குக் 'காது' என்று பெயர். "காது வந்தாச்சா?" என்பார்கள், "காதுக்கு ஒரு டீ குடு" என்பார்கள். யோசித்துப் பார்த்தால் நான் காது இல்லை, வாய். அவ்வளவு தூரம் யாரும் யோசிக்கவில்லை.

இன்னொரு ஏற்பாட்டையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், இது இல்லாமல் மீதி விளங்காது. கேள்விகளை முதலில் ஒரு தடித்த நோட்டில் கையால் எழுதுவேன். எதிரே விடை. நோட்டை யாராவது திருடிப் போட்டியாளரிடம் காட்டிவிட்டால் என்ன செய்வது? அதனால் வாரத்துக்கு ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் வேண்டுமென்றே தவறான விடையை எழுதி வைப்பேன். படப்பிடிப்பன்று காலையில் பெரியவருக்கான அட்டையைத் தட்டச்சு செய்யும்போது சரியான விடையைப் போட்டு, அந்த அட்டையின் மூலையை மட்டும் மடித்து வைப்பேன். போட்டியாளர் நோட்டில் இருக்கும் தவறான விடையை அப்படியே ஒப்பித்தால், நோட்டைப் பார்த்திருக்கிறார் என்று அர்த்தம். இதற்குப் பூட்டுக் கேள்வி என்று பெயர். எனக்கும் பெரியவருக்கும் மட்டும் தெரியும். ஒருவர்கூட அந்தப் பூட்டில் மாட்டியதில்லை, நிகழ்ச்சி அவ்வளவு சுத்தமாக நடந்தது. எனக்கு அதில் சிறிய ஏமாற்றம்கூட உண்டு.

போன வருடம் பெரியவருக்குத் தொண்டையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. உயிர் பிழைத்தார், குரல் போய்விட்டது.

ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அதுவரை போனதில்லை. அவர் மனைவி கதவைப் பாதி திறந்து, "யாரு வேணும்?" என்றார்கள். "காது வந்திருக்கேன்னு சொல்லுங்கம்மா" என்றேன். அந்த அம்மா என் காதைப் பார்த்தார்கள். இருபத்தொரு வருடத்தில் வீட்டில் ஒரு தடவைகூட என்னைப் பற்றிப் பேச்சு வந்ததில்லை. ரகசியம் என்றால் ரகசியம்தான், பெரியவர் வாக்குத் தவறாதவர்.

அவர் சிலேட்டில் எழுதிப் பேசினார். "அடுத்து யார் வந்தா நல்லாயிருக்கும்?" என்று கேட்டேன். கேட்டுவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். சுண்ணக்கட்டி நெடுநேரம் ஓடியது. திருப்பிக் காட்டினார். "யாரா இருந்தா என்ன? நீ காதுல இருக்கே. அது போதும்" என்று இருந்தது. நன்றி சொல்லிவிட்டு வந்தேன். பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அந்த வாக்கியத்தின் முழு அர்த்தம் எனக்கு ஏறியது.

அடுத்த ஆறு வாரம் பழைய நிகழ்ச்சிகளைத் திருப்பிப் போட்டார்கள், எனக்கு வேலை இல்லை. உங்களுக்குக் குடும்பம் இருக்கும், அதனால் சொன்னால் புரியுமா என்று தெரியவில்லை. என் வீட்டில் இரண்டு அறை. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு அக்கா போன் செய்வாள். முழங்கால் வலியைச் சொல்வாள், மருமகளைச் சொல்வாள், "சரி வெச்சிடறேன்" என்பாள். நான் டீவி ஆபீஸில் ஏதோ ஃபைல் பார்க்கிறேன் என்று அவளுக்கு நினைப்பு. மற்ற ஆறு நாளும் என்னிடம் பேச ஆள் இல்லை. குழாயை மூடிவிட்டுச் "சரி" என்று சொல்லத் தொடங்கினேன். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டால் "தவறு" என்பேன். ஒரு மனிதனுடைய தலைக்குள் இருபத்தொரு வருடம் குடியிருந்துவிட்டு வெளியே வந்தால், வீடு என்பது வெறும் சுவர்தான்.

பிறகு தயாரிப்பாளர் ஒரு யோசனை செய்தார். அவர் வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது, என்னோடு எல்லாம் காகிதத்தில்தான். நான்கு பேரை ஆளுக்கு ஒரு வாரம் மேசைக்குப் பின்னால் நிறுத்திப் பார்ப்பது, மக்கள் யாரை விரும்புகிறார்களோ அவரையே புதிய தொகுப்பாளராக வைத்துக்கொள்வது. செய்தி வாசிக்கும் ஒருவர் வந்தார், ஆக்டோபஸைப் பற்றிக் கேட்டாலும் வெள்ளச் சேதம் சொல்வது போலவே கேட்டார். விளையாட்டு வர்ணனை செய்யும் ஒருவர் வந்து கத்தினார். இருவரையும் ஒரே வாரத்தில் எல்லோரும் மறந்துபோனார்கள்.

மிச்சம் இருவர். ஒருவர் நகைச்சுவை நடிகர். இன்னொருவர் பள்ளி ஆசிரியை. ஒன்பது வருடம் முன்பு இதே நிகழ்ச்சியில் போட்டியாளராக வந்து பதினொரு நாள் தொடர்ந்து ஜெயித்தவர். அவரை எல்லோரும் டீச்சர் என்றே சொன்னார்கள், நானும் அப்படியே சொல்கிறேன்.

சண்டை எப்படி மூண்டது என்று உங்களுக்கு நினைவிருக்கும். அறிவு வேண்டுமா, சிரிப்பு வேண்டுமா என்று பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. முடி வெட்டுகிறவர் கத்திரியை நிறுத்திவிட்டு என் அபிப்பிராயம் கேட்டார். அக்காகூட முழங்காலை விட்டுவிட்டு, "அந்த நடிகனே வரட்டும்டா, டீச்சருன்னா மறுபடி பள்ளிக்கூடத்துல உக்காந்த மாதிரி இருக்கும்" என்றாள். நான்கு பேரைப் பற்றி நாடே பேசியது. ஐந்தாவது பெயரை யாரும் சொல்லவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. உண்மையாகத்தான் சொல்கிறேன்.

நடிகரை ஒதுக்குவது சிரமமாக இல்லை. அவர் அட்டையைத் தட்டும்போது நான் இரண்டு நொடிக்குப் பதில் ஐந்து நொடி எடுத்துக்கொண்டேன், வேறொன்றும் செய்யவில்லை. காதில் ஒன்றும் வராத மூன்று நொடியில் ஒரு மனிதன் என்னென்ன செய்வான் என்பதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். முதல் நாள் ஜோக் அடித்தார். மூன்றாம் நாள் வியர்த்தார். ஐந்தாம் நாள் ஒரு கிழவரின் சரியான பதிலைத் தவறென்று அவராகவே சொல்லிவிட்டு, பிறகு மன்னிப்புக் கேட்டார். அவருடைய ரசிகர்கள் இதில் சதி இருக்கிறது என்று கூச்சல் போட்டார்கள். ரசிகர்கள் சொல்லி ஒன்று சரியாக இருந்தது எனக்குத் தெரிந்து அதுதான்.

டீச்சர் வந்த முதல் நாளே மேசையை நான்கு விரல் உயரம் குறைத்தார்கள். விளக்குச் சோதனைக்கு என்னைக் கூப்பிடவில்லை, ஒப்பனை செய்கிற பெண்ணும் டீச்சரும் ஒரே உயரம் என்று அவளை நிறுத்தினார்கள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை, முறை அதுதான்.

மதியம் என் கண்ணாடி அறைக் கதவை யாரோ தட்டினார்கள். இருபத்தொரு வருடத்தில் அந்தக் கதவைத் தட்டியவர் கிடையாது, திறந்துகொண்டு வந்து டீயை வைத்துவிட்டுப் போவார்கள். டீச்சர் கையில் சாப்பாட்டு டப்பாவோடு நின்றார்.

"உள்ள வரலாமா சார்? காலைலேர்ந்து என் காதுல பேசறவரு எப்படி இருப்பாருன்னு பாக்கணும்னு தோணுச்சு."

உட்கார இடமில்லை. கேள்வி நோட்டுகள் இருக்கிற தகரப் பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டார். அவர் டப்பாவைத் திறந்ததும் நானும் என்னுடையதைத் திறந்தேன். யாரோடும் சேர்ந்து சாப்பிட்டு எத்தனை வருடம் ஆகிறது என்று அப்போது கணக்குப் பார்த்தேன், விடை வரவில்லை.

"நான் போட்டிக்கு வந்தப்பவும் நீங்கதானா?"

"ஆமா."

"அப்போ ஆக்டோபஸுக்கு நான் சொன்ன பதிலைக் கேட்டு சிரிச்சிருப்பீங்க."

சிரித்தார். ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம் என்பது கேள்வி. மூன்று என்பது விடை. டீச்சர் அன்றைக்கு ஒன்பது என்றார். அந்தப் பதினொரு நாளில் அவர் செய்த ஒரே தவறு அது. "அதுக்கு மூளை ஒன்பதுன்னு எங்கியோ படிச்சிருந்தேன் சார். மூளையும் இதயமும் கொழம்பிடுச்சு. எங்க கிளாஸ் பசங்க அஞ்சாறு மாசம் ஓட்டினாங்க" என்றார்.

அந்த வாரம் நான்கு நாள் என்னோடு சாப்பிட்டார். என் வாழ்க்கையில் நல்ல நான்கு நாள் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். நீங்கள் அப்படிப் பார்க்க வேண்டாம், நான் ஒன்றுக்கொன்று முரணாகப் பேசவில்லை.

இரண்டாம் நாள் மாலை, படப்பிடிப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது, ஒரு போட்டியாளர் குழப்பமாக ஏதோ சொன்னார். டீச்சர் அட்டையைத் தட்டினார். நான் "சரி" என்றேன். டீச்சர் அதை அப்படியே சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவர் பார்வையாளர்களைப் பார்த்து, "இது நான் சொல்லலீங்க. பின்னாடி ஒருத்தர் இருக்காரு, அவரு சொல்றாரு. நம்ம நிகழ்ச்சியோட உண்மையான மூளை அவருதான்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். ஒருவர் எழுந்து நின்றுகூடத் தட்டினார். யாருக்குத் தட்டுகிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது, திரும்பிப் பார்த்தாலும் தெரியாது, கண்ணாடி ஒரு பக்கம் கறுப்பு.

மறுநாள் சாப்பிடும்போது டீச்சர் சந்தோஷமாக இருந்தார். "என்னையே முடிவு பண்ணிட்டாங்கன்னா, மேடையில என் பக்கத்துல உங்களுக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லப் போறேன் சார். இந்தக் கருவியெல்லாம் எதுக்கு? நேராவே கேட்டுக்கறேன். உங்க குரலுக்கும் ஒரு மூஞ்சி வேண்டாமா?"

நல்ல மனதோடுதான் சொன்னார், அதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை. ஆனால் அந்த இரண்டு நொடி மக்கள் வீட்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது ஓரத்து நாற்காலியில் இருக்கும் ஒரு வழுக்கைத் தலைக்காக இல்லை. கோட்டுப் போட்ட ஒரு பெரிய மனிதருக்காக. அந்தப் பெரிய மனிதருக்குள் இருந்தது நான். வெளியே உட்கார வைத்தால் நான் யார்? பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுகிறவன். டீச்சர் எனக்கு ஒரு நாற்காலி கொடுத்து, இருபத்தொரு வருடத்தை எடுத்துக்கொள்ளப் பார்த்தார்.

அதைவிடவும் ஒன்று நடந்தது. நான்காம் நாள் டீச்சர் அட்டையைத் தட்டவே இல்லை. போட்டியாளர்கள் விலகி விலகித்தான் பதில் சொன்னார்கள், டீச்சர் உடனுக்குடன் தாமாகவே சரி, தவறு என்று சொல்லிக்கொண்டே போனார். ஒவ்வொன்றையும் சரிபார்த்தேன். எல்லாம் சரி. ஐந்தாம் நாளும் அப்படியே. இரண்டு நாள் முழுக்க அவர் காதில் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேருந்தில் நடத்துனரிடம் இடத்தைச் சொல்ல வாயைத் திறந்தபோது காற்றுதான் வந்தது. அன்றைக்கு எனக்குப் பயம் வந்தது. இதை நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ளலாம்.

அடுத்த வாரம் டீச்சரையே வைத்துக்கொள்வதாகப் பேச்சு அடிபட்டது. நடிகர் கட்சி இன்னும் அடங்கவில்லை, அதனால் தயாரிப்பாளர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இருந்தார். எல்லோரையும் கூட்டி, "அறிவிச்சதுக்கு அப்புறம் பழைய குப்பை எதுவும் கிளம்பக் கூடாது. அவங்க போட்டியாளரா வந்த காலத்துக் காகிதத்தையெல்லாம் ஒரு தடவை பாத்துடுங்க" என்றார். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. காகிதம் என்னிடம் இருந்தது, நான் பார்த்தேன்.

ஒன்பது வருடத்துக்கு முந்தைய நோட்டு. ஆக்டோபஸ் கேள்வி, எதிரே என் கையெழுத்தில் 3. எழுதிய பேனாவும் அதே மேசை இழுப்பறையில் இருந்தது, நான் பேனாவைத் தூக்கிப் போடுகிறவன் இல்லை. 3-ன் மேல் வளைவை மூட ஒரு சிறு கோடு போதும், 9 ஆகிவிடும். என் நோட்டில், என் எழுத்தில், நான் ஒரு கோடு இழுத்தேன். போலி என்று உங்கள் காகிதத்தில் போட்டிருக்கிறீர்கள். அடுத்தவன் கையெழுத்தைப் போட்டால்தானே போலி?

பிறகு தயாரிப்பாளருக்கு அரைப் பக்கத்தில் ஒரு குறிப்பு அனுப்பினேன். பூட்டுக் கேள்வி என்றால் என்ன, எதற்காக வைத்தோம் என்று எழுதினேன். அந்த வாரத்துப் பூட்டுக் கேள்விக்கு நோட்டில் இருந்த தவறான விடை ஒன்பது, போட்டியாளர் சொன்னதும் ஒன்பது என்று எழுதினேன். அப்போதே இதைக் கவனிக்காமல் விட்டதற்கு வருந்துகிறேன் என்றும் எழுதினேன். 'இதிலிருந்து என்ன முடிவுக்கு வருவது என்பதைத் தங்களிடம் விட்டுவிடுகிறேன்' என்று முடித்தேன். பாருங்கள், குற்றம் சாட்டும் ஒரு சொல்கூட அதில் இல்லை.

தெரியாமல் ஒன்பது என்று யார் சொல்லுவார்கள்? இரண்டு என்று சொல்லலாம், நான்கு என்று சொல்லலாம். அதுதான் எல்லோரும் கேட்டது. மறுநாள் பத்திரிகையில் வந்துவிட்டது. யார் கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது, அது நான் இல்லை. நடிகர் கட்சிக்குத் தலைகால் புரியவில்லை. டீச்சர் மூளையையும் இதயத்தையும் பற்றிச் சொன்ன விளக்கத்தைப் போட்டு, கீழே சிரிக்கிற படம் போட்டார்கள். அவர் பள்ளியில் விசாரணை முடியும்வரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தெருவில் போனால் யாராவது "ஒன்பது" என்று கத்தினார்கள். பத்து நாளில் இவ்வளவும் நடந்தது. இவ்வளவு வேகமாக நடக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

டீச்சர் தினமும் எனக்குப் போன் செய்தார். என்மேல் சந்தேகம் வரவில்லை. "சார், உங்களுக்குத் தெரியும்ல, நான் எந்த நோட்டையும் பாக்கல. நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்" என்பார். நான் கேட்டுக்கொண்டிருப்பேன். என் வீட்டு போன் தினமும் அடித்தது. ஆறு மணி ஆனதும் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதுவரை அந்த மணியை எதிர்பார்த்து நான் உட்கார்ந்ததே இல்லை.

இதற்குள் டீச்சர் நேரில் விளக்கம் சொல்ல வேண்டும் என்று கேட்டார். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு குழு அவரை விசாரிப்பதாகவும், அதுவரை பழைய நிகழ்ச்சிகளையே ஓட்டிவிட்டு அன்று மாலை படப்பிடிப்பைத் தொடங்குவதாகவும் முடிவாயிற்று. குழு நோட்டை மட்டும் பார்க்காது, அந்தக் காலத்து அட்டைகள் எங்கே என்று கேட்கும். படப்பிடிப்பு முடிந்ததும் அட்டைகளைக் கிழித்துப் போடுவது விதி. பெரியவர் கிழித்திருப்பார் என்றே நான் நம்பினேன்.

அவர் கிழிக்கவில்லை. எல்லாவற்றையும் செருப்புப் பெட்டிகளில் வரிசையாக வைத்திருந்திருக்கிறார். ஆக்டோபஸ் அட்டையைச் சற்று முன் இந்த மேசையில் வைத்தீர்கள். மூலை மடிக்கவில்லை, பூட்டுக் கேள்வி இல்லை. பார்த்ததுமே நான் ஒப்புக்கொண்டேன், உங்களை அலைக்கழிக்கவில்லை. சில அட்டைகளின் பின்பக்கம் பென்சிலில் 'காது' என்று எழுதியிருப்பதைக் காட்டினீர்கள். நான் சொல்லி அவர் தீர்ப்பளித்த ஒவ்வொரு அட்டையிலும் அப்படி எழுதி வைத்திருக்கிறாராம், ஆயிரக்கணக்கில். அதைப் பார்த்தபோது வலித்தது. எனக்குக் காட்டாமலே இருந்திருக்கலாம்.

திங்கட்கிழமை நடந்தது உங்களுக்குத் தெரியும். பத்து மணிக்குக் குழு காத்திருந்தது, டீச்சர் வரவில்லை. அவருடைய தம்பிதான் டீச்சர் வீட்டுக்குப் போய்க் கதவை உடைத்தார். உயிர் போய்ப் பல மணி நேரம் ஆகியிருந்தது. மானம் போன துக்கத்தில் தன் முடிவைத் தேடிக்கொண்டார் என்று எழுதினீர்கள். நோட்டில் கோடு இழுத்தவன் நான் என்பது தெரிந்ததும் என்னை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டீர்கள்.

உங்கள் காகிதத்தில் இருப்பது அவ்வளவுதான். அது முழுமையில்லை, முழுமையில்லாத விடையை நான் ஒருநாளும் சரி என்று சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் நான்கு மணிக்கு டீச்சர் என்னோடு பதினொரு நிமிடம் பேசியதாக போன் கம்பெனிக்காரர்கள் கொடுத்திருப்பார்கள். என்ன பேசினோம் என்று கொடுத்திருக்க மாட்டார்கள்.

வழக்கமாக ஆறு மணிக்குக் கூப்பிடுகிறவர் நான்கு மணிக்கே கூப்பிட்டார். அக்கா அப்போதுதான் வைத்திருந்தாள். டீச்சர் அழவில்லை. குரல் தெளிவாக, வகுப்பெடுப்பது போல் இருந்தது.

"நாளைக்கு மறுபடி அவங்க முன்னாடி போய் நிக்கணும் சார். நின்னாலும் யாரும் நம்பப் போறதில்ல. பசங்க மொகத்துல எப்படி முழிப்பேன்? இன்னிக்கே போயிடலாம்னு முடிவு பண்ணிட்டேன். மாத்திரையெல்லாம் எடுத்து மேசைமேல வெச்சிருக்கேன்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. விதி உங்களுக்குத் தெரியும். காது கேள்வி கேட்காது, விளக்கம் சொல்லாது.

"ஏதாவது சொல்லுங்க சார். எனக்குத் தலையே வேலை செய்யல. மேடையில எனக்குச் சந்தேகம் வந்தா நீங்கதானே சொல்லுவீங்க. அது மாதிரி ஒரே வார்த்தை சொல்லுங்க. நான் எடுத்த முடிவு சரியா, தவறா?"

பிறகு ஒரு சத்தம் கேட்டது. அட்டை இல்லை, விரலாக இருக்கும், அல்லது பேனாவாக இருக்கும். மேசையில் ஒரு தட்டு.

இரண்டு நொடி எடுத்துக்கொண்டேன். ஒரு நொடிகூட அதிகம் இல்லை.

"சரி" என்றேன்.

"தேங்க்ஸ் சார்" என்றார். வைத்துவிட்டார்.

அவர் தம்பிக்குச் சொல்லியிருக்கலாம், உங்களுக்குச் சொல்லியிருக்கலாம். டீச்சர் வீட்டிலிருந்து என் வீடு இரண்டு பேருந்து நிறுத்தம்தான். நடந்தே போயிருப்பேன். போகவில்லை. கோடு இழுத்ததைத் தவறு என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம், மறுக்கவில்லை. ஆனால் டீச்சரைக் கொன்றது அந்தக் கோடு இல்லை, அந்த ஒரு வார்த்தைதான். அதைச் சொன்னது நான். யோசித்துத்தான் சொன்னேன்.

ஒன்றே ஒன்றை மட்டும் தவறாக எழுதிவிடாதீர்கள். அந்த மேசைக்கு ஆசைப்பட்டுச் செய்தேன் என்று வெளியே உங்கள் ஆட்கள் பேசிக்கொள்வது காதில் விழுந்தது. எனக்கு அந்த ஆசை எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. நான் நினைத்ததெல்லாம் நிகழ்ச்சியைப் பற்றித்தான். போனை வைத்த பிறகு முகம் கழுவினேன், நீலச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டினேன், வெதுவெதுப்பாகத் தண்ணீர் குடித்தேன். நான்கரை மணிக்குத் தயாரிப்பாளரைக் கூப்பிட்டேன். அவரை நான் போனில் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "நான்தான் சார் பேசறேன்" என்றேன். நாளைக்கு மேசைக்கு ஆள் இல்லையென்று படப்பிடிப்பை நிறுத்த வேண்டாம், கேள்வி எல்லாம் எனக்கு மனப்பாடம், விளக்குக்கு இருபத்தொரு வருடம் அந்த இடத்தில் நின்றிருக்கிறேன், மேசையை மட்டும் பழைய உயரத்துக்கு ஏற்றினால் போதும் என்று சொன்னேன். ஒரு உதவியாகத்தான் சொன்னேன். மறுமுனையில் சத்தமில்லை. பழக்கத்தில் எண்ணினேன், சரியாக இரண்டு நொடி.

"நான்தான்னா யாரு?" என்றார்.